பந்தயம் சில நாள், குதிரை ஆண்டு முழுதும்: ஃபேரர் பார்க் திடலின் முதல் வெற்றியாளர் டபிள்யூ. எச். ரீட்

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடப்பவர்களின் மூக்கை மீன் தலைக் கறி வாசம் இழுக்கும். பக்கத்திலேயே சீனிவாசப் பெருமாள் கோயில். தைப்பூசத்தன்று காவடிகள் புறப்படும் இடம். எங்கு தேடினாலும் ஒரு குதிரை கண்ணில் படாது. ஆனாலும் சாலையின் பெயரில் பந்தயம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் வில்லியம் ஹென்றி மெக்லியோட் ரீட் என்ற ஸ்காட்லாந்து வணிகர். 1843 பிப்ரவரி 23ஆம் தேதி, வியாழக்கிழமை, இந்தத் திடலில் நடந்த முதல் பந்தயத்தில் தாமே குதிரையேறி வென்றவர். பரிசு 150 வெள்ளி. அப்போது அவருக்கு 24 வயது முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அதன் பிறகு 44 ஆண்டுகள் அவர் சிங்கப்பூரில் இருந்தார். அந்த 44 ஆண்டுகளில் அவர் கைவைத்த சில காரியங்கள், தமிழர்கள் மலாயாத் தோட்டங்களுக்கு வந்த பாதையையும் தொட்டுச் சென்றன. பந்தயக்காரர் என்று மட்டும் அவரை எழுதிவிட்டுப் போக முடியாது.

ரீட் பிறந்தது 1819 பிப்ரவரி 7. ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கியதற்குச் சில நாட்கள் கழித்து. ஊருக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தந்தை கிறிஸ்டோபர் ரைட்அவுட் ரீட், சிங்கப்பூரின் மூத்த வணிக நிறுவனங்களில் ஒன்றான ஏ. எல். ஜான்ஸ்டன் நிறுவனத்தின் பங்காளி. 1841இல் தந்தையின் இடத்தை நிரப்ப மகன் கப்பலேறி வந்தார். நிறுவனத்தின் கிடங்கு ஆற்று முகத்துவாரத்தில் இருந்தது. கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக் கரை சேர்க்கும் தொங்கான்களில் அப்போது பெரும்பாலும் சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாத் தமிழர்களே வேலை செய்தார்கள். இளம் ரீட் வந்து இறங்கியதும் கேட்ட மொழிகளில் தமிழும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

அன்றைய சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்கார இளைஞனுக்குப் பொழுதுபோக்கு மிகக் குறைவு. காலையில் அலுவலகம், கப்பல் வந்தால் பரபரப்பு, வராவிட்டால் காத்திருப்பு. விடியலிலும் மாலையிலும் குதிரையேறிக் காற்று வாங்குவது வழக்கமாக இருந்தது. கடற்கரைத் திடலைச் சுற்றி வண்டிகளும் குதிரைகளும் உலாவும். ஊரில் குதிரை இருந்தது, ஏறத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் ஓடிப் பார்க்க இடம் இல்லை. 1842இல் ரீட்டும் சில நண்பர்களும் சேர்ந்து சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் சிங்கப்பூர் டர்ஃப் கிளப் ஆனது இதுதான்.

அவர்களுக்குக் கிடைத்த நிலம் சிராங்கூன் சாலைக்கு மேற்கே கிடந்த பாதிச் சதுப்பு. சதுப்பைத் திருத்தித்தான் ஓடுதளம் போட்டார்கள். அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் சாலை போட்டதும், சதுப்பைத் தூர்த்ததும், கல் உடைத்ததும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். 1825 முதல் 1873 வரை ஆயிரக்கணக்கான இந்தியக் கைதிகள் இங்கே உழைத்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானா மாளிகையும் அவர்கள் கட்டியவை. ரேஸ் கோர்ஸ் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் அந்த வட்டாரத்தையே தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தார்கள். மலாய்க்காரர்கள் கம்போங் கப்பூர் என்றதும் அதே பொருளில்தான்.

முதல் பந்தயக் கூட்டம் முடிந்தது, ரீட் பரிசு வாங்கினார். கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. பந்தயம் ஆண்டில் ஒருசில நாட்கள்தான். பிற்காலத்தில் வசந்தம், இலையுதிர் காலம் என்று இங்கிலாந்துக் கணக்கில் ஆண்டுக்கு இரண்டு கூட்டங்கள் ஆயின. ஆண்டெல்லாம் வெயிலும் மழையுமாக இருக்கும் ஊரில் இலையுதிர் காலம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் மூன்று நாள். ஆக ஆண்டுக்கு ஆறு நாள். மிச்சம் கிட்டத்தட்ட 360 நாட்கள் குதிரை என்ன செய்யும்? குதிரைக்காரர் என்ன செய்வார்?

பந்தயம் முடிந்த மறுநாளும் குதிரைக்குப் பசிக்கும். படகைக் கரையில் கவிழ்த்து வைப்பது போலக் குதிரையைக் கவிழ்த்து வைக்க முடியாது. தினமும் நடத்த வேண்டும், இல்லாவிட்டால் கால் இறுகும், வயிறு கெடும். இந்த ஊர் வெயிலில் நண்பகலில் ஓட்டினால் குதிரை சோர்ந்து விழும். அதனால் விடிவதற்கு முன்பே வேலை ஆரம்பம். முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் வேகம். திரும்பியதும் வேர்வை அடங்கும்வரை கையில் பிடித்து நடத்தி, கழுவி, துடைத்து, தேய்த்துவிட வேண்டும். சதுப்பு நிலத்தில் குளம்பில் ஈரம் தங்கினால் அழுகும். அதனால் தினமும் குளம்பைத் தூக்கிப் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும், சில வாரங்களுக்கு ஒரு முறை லாடம் மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் செய்தது குதிரையின் சொந்தக்காரர் அல்ல. மலாயில் சைஸ் என்றும் தமிழில் குதிரைக்காரர் என்றும் அழைக்கப்பட்டவர் செய்தார். சென்னை மாகாணத்தில் ஒரு குதிரைக்கு ஒரு குதிரைக்காரரும் ஒரு புல்லுக்காரரும் என்பது துரைமார் வீட்டு வழக்கம். அந்த ஏற்பாடு அப்படியே கடல் கடந்து வந்தது. சிங்கப்பூரில் தமிழர்களோடு, ஜாவாவுக்கு வடக்கே இருக்கும் பாவியன் தீவிலிருந்து வந்த போயானியர்களும் இந்தத் தொழிலில் பெயர் எடுத்தார்கள். கம்போங் கப்பூர் பக்கம் அவர்கள் குடியேறியதற்குப் பந்தயத் திடலின் அருகாமையே காரணம். முதல் வெற்றியாளரின் பெயர் எல்லா ஏடுகளிலும் இருக்கிறது. அவரது குதிரையைப் பிடித்து நின்றவரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. பந்தயம் இல்லாத நாட்களில் குதிரையோடு இருந்தவர்கள்தான் அந்த விளையாட்டைக் காப்பாற்றினார்கள் என்பதை ஏடுகள் சொல்லாவிட்டாலும் சாலைப் பெயர்கள் கொஞ்சம் சொல்கின்றன. எருமைக் கொட்டில் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ், பஃப்ளோ ரோடு, கெர்பாவ் ரோடு எல்லாம் இதே வட்டாரம்தான். நீரும் புல்லும் நிறைந்திருந்த இந்த நிலத்தில் மாட்டு வியாபாரம் வளர்ந்தது. தமிழர்களும் வட இந்தியர்களும் மாடு மேய்த்து, பால் கறந்து, வண்டி ஓட்டிப் பிழைத்தார்கள். தேக்கா என்று இன்று தமிழர்கள் சொந்தம் கொண்டாடும் இடம் கால்நடைகளின் காலடியில் உருவானது.

குதிரைகளும் இந்த ஊரில் பிறந்தவை அல்ல. ஜாவா, சுமத்ரா, திமோர் தீவுகளிலிருந்து மட்டக் குதிரைகள் வந்தன. பெரிய குதிரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்தன. புதிய குதிரை இந்த வெப்பத்துக்குப் பழகவே மாதக் கணக்கில் ஆகும். பிற்காலத்தில் இதையே ஒரு வழியாக்கினார்கள். பந்தயத்தில் ஓடாத புதுக் குதிரைகளை மொத்தமாக ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்து, உறுப்பினர்களிடையே சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுப்பார்கள். கிரிஃபின் என்று அவற்றுக்குப் பெயர். எந்தக் குதிரை யாருக்கு வரும் என்பது தெரியாது. பணக்காரர், சாதாரண உறுப்பினர் எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு. சீட்டில் வந்த குதிரையைப் பல மாதம் பழக்கி அடுத்த கூட்டத்துக்குத் தயார் செய்ய வேண்டும். பந்தயம் இல்லாத மாதங்களில் உறுப்பினர்களைக் கொட்டிலுக்கு இழுத்து வந்தது அந்த வேலைதான். குதிரையேற்றத்தை ஆண்டு முழுதும் உயிரோடு வைக்க அந்தக் காலத்தில் கண்டுபிடித்தவற்றில் இது மிகவும் புத்திசாலித்தனமானது.

ரீட் ஓரிடத்தில் அடங்கும் ஆள் அல்ல. சந்தாதாரர் நூலகம் 1844இல் உருவானபோது அதில் அவர் பங்கு இருந்தது. அமெச்சூர் நாடகங்களில் நடித்தார். 1845இல் ஃப்ரீமேசன் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளை தொடங்கியபோது அதில் முதலில் சேர்க்கப்பட்டவர் அவர்தான். 1854இல் ஹொக்கியென், தியோச்சூ சீனர்களுக்கிடையே பெருங்கலவரம் மூண்டு பல நாட்கள் ஊர் எரிந்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அதன் விளைவாக ஐரோப்பியர்கள் ஒரு தொண்டர் துப்பாக்கிப் படையை அமைத்தார்கள். ரீட் அதிலும் இருந்தார். 1857 முதல் 1885 வரை நெதர்லாந்தின் தூதராகவும் பணியாற்றினார். ஜாவாவுடனும் சுமத்ராவுடனும் வணிகம் செய்த ஊரில் அது சிறிய பதவி அல்ல.

1857தான் அவரை அரசியலுக்குள் முழுதாக இழுத்தது. அப்போது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டன. நீரிணைக் குடியேற்றங்களைக் கல்கத்தா ஒரு சுமையாகவே பார்த்தது. கைதிகளைக் கொண்டுவந்து கொட்டும் இடமாகவும் வைத்திருந்தது. சிப்பாய்க் கலகம் மூண்டதும் அங்கே பிடிபடுபவர்களும் இங்கே அனுப்பப்படுவார்கள் என்ற அச்சம் வணிகர்களிடையே பரவியது. பொதுக்கூட்டம் போட்டு, லண்டன் நேரடியாக ஆள வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். அந்த முயற்சியின் முன்வரிசையில் ரீட் நின்றார். பத்தாண்டு இழுபறி. கடைசியில் 1867 ஏப்ரல் 1ஆம் தேதி நீரிணைக் குடியேற்றங்கள் இங்கிலாந்து அரசின் நேரடிக் குடியேற்ற நாடாயின. புதிய சட்டமன்றத்தின் முதல் அதிகாரப்பற்றற்ற உறுப்பினர் ரீட்.

வணிகர்கள் வேண்டாம் என்று மனுப் போட்ட அதே கைதிகள்தாம் அவர்களின் குதிரை வண்டிகள் ஓடிய சாலைகளைப் போட்டவர்கள். இந்த முரண்பாடு ரீட்டின் வாழ்க்கையை எழுதியவர்கள் பலரின் கண்ணில் படவில்லை.

பிரிவினையின் விலையைக் கொடுத்தவர்கள் வேறு யாரோ. 1867 வரை நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கும் கூலித் தொழிலாளி ஒரே அரசாங்கத்தின் ஆட்சிப் பரப்புக்குள்ளேயே பயணம் செய்தார். பிரிந்த பிறகு நீரிணைப் பகுதி இந்தியச் சட்டத்தின் கண்ணில் அயல்நாடு ஆகிவிட்டது. அனுமதிக்கப்படாத அயல்நாட்டுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்வது சட்டவிரோதம். 1870இல் இது அதிகாரிகளின் கவனத்துக்கு வந்து தடை விழுந்தது. புரோவின்ஸ் வெல்லஸ்லி கரும்புத் தோட்டக்காரர்கள் அலறினார்கள். 1872இல் இந்திய அரசு தடையைத் தளர்த்தியது. அதைத் தொடர்ந்து தொழிலாளர் பாதுகாப்பு, ஒப்பந்தம், ஆய்வு என்று சட்டங்கள் வர ஆரம்பித்தன. பாதுகாப்பு என்ற பெயர் இருந்த அளவுக்குப் பாதுகாப்பு இருந்ததா என்பதைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த திருப்பம் 1873 இறுதியில். பேராக் அரியணைக்குப் போட்டி. லாருட் ஈயச் சுரங்கங்களில் சீனர் குழுக்களிடையே போர். சிலாங்கூரிலும் உள்நாட்டுப் போர் நடந்தது. அங்கே தெங்கு குடின் பக்கம் நின்ற சிங்கப்பூர் வணிகர்களில் ரீட் ஒருவர். பேராக்கில் சுல்தான் பதவி கேட்ட ராஜா அப்துல்லாவுக்கும் புதிய கவர்னர் சர் ஆண்ட்ரூ கிளார்க்குக்கும் இடையே பாலம் போட்டவர்கள் ரீட்டும் சீன வணிகத் தலைவர் டான் கிம் சிங்கும். ஆலோசனை சொல்ல ஓர் ஆங்கில அதிகாரியை அனுப்புமாறு கேட்ட அப்துல்லாவின் கடிதம் அவர்கள் வழியாகத்தான் கவர்னரைச் சேர்ந்தது. 1874 ஜனவரி 20ஆம் தேதி பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ரெசிடெண்டுகள் வந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து சாலை, ரயில், காப்பி, பிறகு ரப்பர். அந்த ரப்பருக்காகத் தமிழ்க் கிராமங்கள் காலியாயின.

ஒரு குதிரைப் பந்தயக்காரரின் கதையில் இதற்கு என்ன இடம் என்று கேட்கலாம். அந்தக் காலத்து வணிகர்கள் அலுவலகத்தில் மட்டும் ஆட்சி செய்யவில்லை. பந்தய மேடையில் கவர்னர், சுல்தான்களின் பிரதிநிதிகள், சீனத் தலைவர்கள், வங்கிக்காரர்கள் எல்லோரும் ஒரே நிழலில் கூடினார்கள். பந்தயச் சங்கங்கள் ஆங்கில ஆட்சியின் பின்னாலேயே நடந்தன. பினாங்கில் 1864, பேராக்கில் 1886, சிலாங்கூரில் 1896. இலங்கையின் மலைநாட்டில் நுவரெலியாவுக்கும் அதே கதை. ஏப்ரல் மாதப் பந்தயம் அங்கே இன்றும் ஒரு திருவிழா. தோட்டத்தில் பெரிய துரை குதிரையேறி மலைச் சரிவில் வருவதும், பின்னால் குதிரைக்காரர் ஓடி வருவதும் பழைய தலைமுறை சொன்ன கதைகளில் தவறாமல் வரும். பந்தயக் காலம் முடிந்ததும் அந்தக் குதிரைகள்தாம் துரைமாரைத் தோட்டம் முழுக்கச் சுமந்தன.

சிங்கப்பூர்த் திடலும் பந்தயம் இல்லாத நாட்களில் சும்மா கிடக்கவில்லை. 1886இல் போலோ சங்கம் தோன்றியது. பந்தயக் குதிரையை விடச் சிறிய மட்டக் குதிரைகள் போதும், எந்த மாதமும் ஆடலாம். குதிரையேற்றத்தை விட முடியாதவர்களுக்கு அது பெரிய ஆறுதல். 1891இல் கோல்ஃப் சங்கம் இதே பந்தயத் திடலில் ஒன்பது குழிகளுடன் தொடங்கியது. அதற்குள் ரீட் ஊரை விட்டுப் போய்விட்டார்.

அவர் 1887இல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டார். வயது 68. அரைக் கால்சட்டை வயதில் வந்த பையன் அல்லதான், என்றாலும் வந்தபோது ஊரில் பந்தயத் திடலே இல்லை. போகும்போது ஆண்டுக்கு இரு முறை ஊரே திரண்டது. மேடையில் உட்கார இடம் கிடைக்காத சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் வேலியோரம் நின்று பார்த்தார்கள். தொடக்க காலத்தில் சொந்தக்காரர்களே குதிரையேறினார்கள். போகப் போகக் கூலிக்கு ஓட்டும் ஜாக்கிகள் வந்தார்கள், பந்தயப் பணம் பெருகியது. நண்பர்கள் கூடிச் செய்த விளையாட்டு வியாபாரம் ஆனது.

ஆற்றின் குறுக்கே 1889இல் கட்டிய பாலத்துக்கு ரீட் பாலம் என்று பெயர் வைத்தார்கள். கிளார்க் கீ பக்கம் இன்றும் அது இருக்கிறது. லண்டனில் வாழ்ந்த ரீட் 1901இல் தம் மலாயா நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். அட்டையில் தம் பெயரைப் போடாமல், பழைய குடியிருப்பாளர் ஒருவர் என்று மட்டும் போட்டுக்கொண்டார். தலைப்பைத் தமிழில் சொன்னால் விளையாட்டும் அரசியலும். விளையாட்டைத்தான் முதலில் வைத்திருக்கிறார். 1909 மே 10ஆம் தேதி, 90ஆம் வயதில் காலமானார்.

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1911 மார்ச் 16ஆம் தேதி, பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசப் கிறிஸ்டியன்ஸ் இதே திடலிலிருந்து சிங்கப்பூரின் முதல் விமானத்தை மேலே எழுப்பினார். 1933இல் பந்தயம் புக்கித் தீமாவுக்குப் போனது. பழைய திடலுக்கு நகராட்சித் தலைவராக இருந்த ஆர். ஜே. ஃபேரர் பெயர் வந்தது. முதல் பந்தயத்தில் வென்றவரின் பெயர் ஆற்றுப் பாலத்தில் இருக்கிறது, அவர் ஓடிய மண்ணில் இல்லை. 1942 பிப்ரவரி 17ஆம் தேதி ஜப்பானியரிடம் சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரம் பேர் இங்கேதான் கூட்டி நிறுத்தப்பட்டார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அந்தப் புல்வெளியில் தொடங்கியது. பிறகு பந்து விளையாட்டும் அரசியல் கூட்டங்களும்.

புக்கித் தீமாவிலிருந்து பந்தயம் 1999இல் கிராஞ்சிக்கு மாறியது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி அங்கே கடைசிப் பந்தயம் ஓடியது. ரீட் முதல் பரிசு வாங்கி 181 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நிலத்தில் இனி வீடுகள் வரும். குதிரைகள் வேறு நாடுகளுக்குப் போக, பல ஆண்டுகளாக விடியலுக்கு முன்பே எழுந்து அவற்றை நடத்திப் பழகிய கொட்டில் தொழிலாளர்கள் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று.